இரண்டாவது தடவை வாசித்த பெயர்

கேத்ரின் டீச்சர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் கருத்தம்மாளுக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. பாகுபாடு இல்லாத வகுப்பறையை எப்படி உருவாக்குவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். டீச்சர் ஒரு நோட்டு நிறையக் குறிப்பு எடுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குத் திரும்பினார். அடுத்த திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தபோது, எஸ்.சி. பிள்ளைகளுக்கான உதவித்தொகைப் பட்டியலை ஆபீசிலிருந்து கொடுத்துவிட்டார்கள். அன்றுதான் கடைசி நாள். ஒரு பிள்ளைகூட விட்டுப்போய்விடக் கூடாதே என்ற கவலை டீச்சருக்கு.

"எஸ்.சி. உதவித்தொகைக்கு நான் பேர் வாசிக்கிறவங்க எந்திரிங்க. கூச்சப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

நாலு பேர் எழுந்தார்கள். ஐந்தாவது முனீஸ்வரி. வத்திராயிருப்பிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவள் எழவில்லை. காதில் விழவில்லை போல என்று டீச்சர் இன்னொரு தடவை வாசித்தார், கொஞ்சம் சத்தமாக, ரொம்பக் கனிவாக. முனீஸ்வரி எழுந்து நின்றாள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் பக்கத்தில் இருந்தவள் பெஞ்சு மாறிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் முனீஸ்வரி வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா கருத்தம்மாள், மில்லில் ஷிப்டு முடிந்த கையோடு, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"டி.சி. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் டீச்சர்."

"எதுக்கும்மா? எந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு? சொல்லுங்க, நான் கண்டிக்கேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லல. எங்க ஊர்ல நாங்க எந்தத் தெருன்னு கைக்குழந்தைக்கும் தெரியும். அதுக்குத்தான் இங்க வந்து வாடகைக்கு வீடு பிடிச்சோம். ரெண்டு மாசம் பிள்ளை சிரிச்சுக்கிட்டு வந்துச்சு." கருத்தம்மாள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். "பழைய பள்ளிக்கூடத்து வாத்தியாரு இவளைச் சாதியைச் சொல்லி வஞ்சாரு. நாங்களும் அவரை வஞ்சுக்கிட்டோம். நீங்க நல்லவுக. உங்களை வையவும் முடியல."

டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

"தப்புதாம்மா. திங்கக்கிழமை சாதி பாக்குறது பாவம்னு வகுப்புல எல்லாருக்கும் எடுத்துச் சொல்லுதேன்."

"வேண்டாம் டீச்சர்." இதைச் சொன்னது முனீஸ்வரி. "திரும்பவும் எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க."

அப்புறம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"உங்களையும் யாருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாதுல்ல? நீங்க எப்படி டீச்சர் தெரியாமப் பாத்துக்கிட்டீங்க?"

சாதிப் பேச்சு வந்தாலே 'நாங்க கிறிஸ்தவங்க, எங்களுக்கு ஏது சாதி' என்று சொல்வது டீச்சரின் வழக்கம். இந்தப் பிள்ளை அதை நம்பி, தன்னைப் போல மறைத்து வாழ்கிற இன்னொருத்தி என்று நினைத்துவிட்டாள். உள்ளதோ வேறு. மோதிரம் மாற்றியது பாதிரியார் முன்னால் என்றாலும், கணவர் ராபர்ட்டை மாப்பிள்ளையாகப் பார்த்தது சொந்த சாதிக்குள்தான். அது ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் அவருக்கு இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை.

பொய் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை.

"நான் மறைக்கலம்மா. மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு வரல."

"அப்ப உங்களுக்குத் தெரியாது" என்றாள் முனீஸ்வரி. அதில் கோபம் இல்லை. கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை என்கிற ஏமாற்றம்தான் இருந்தது.

டீச்சர் டி.சி.க்கான விண்ணப்பத்தைத் தானே எழுதி, கருத்தம்மாளிடம் கையெழுத்து வாங்கினார். அப்போதும் மனசு கேட்கவில்லை.

"எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறீங்க? பேரைச் சொல்லுங்க. அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்க, பிள்ளையை நல்லாப் பாத்துக்கிடச் சொல்லுதேன்."

கருத்தம்மாள் மகளின் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

"அது உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும் டீச்சர்."