இறக்கி வைக்கும் இடம்

"முக்காலி வேணாம், தரையிலயே வைங்க. இன்னும் ரெண்டடி இடப்பக்கம் தள்ளி," என்றாள் அருள்மேரி.

பெட்டியைத் தூக்கி வந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பனைப் பறிகொடுத்தவளிடம் வாதாட முடியுமா? நகர்த்தினார்கள். செம்பாக்கம் ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்ன அந்தோணியார் கோயிலில் கூட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சாமியார், தூக்கி வந்த நால்வர், பெஞ்சில் இரண்டு கிழவிகள். கொத்தனார் சவுரிமுத்துவின் சாவுக்கு வந்த ஊர் அவ்வளவுதான்.

ஏன் வருவார்கள்? முன்பு இந்த இடத்தில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. மொட்டைத் தலை, மூடிய கண். சமணர்கள் செய்து வைத்தது, ஆயிரம் வருஷம் இருக்கும் என்று கல்லூரி வாத்தியார் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு அது மொட்டை முனி. அதன் பக்கத்திலேயே பிற்பாடு வேதக்காரர்கள் சிலுவை நட்டார்கள். எந்தத் தெருப் பிணமானாலும் கல் முன்னால் ஒருதரம் இறக்கி வைத்து, முனியிடம் சொல்லிக்கொண்டுதான் எடுத்துப் போவார்கள்.

எண்பத்துமூன்றில் கோயில் கட்டியபோது, கல்லை அப்புறப்படுத்தும் வேலை சவுரிமுத்துவிடம் வந்தது. ஏரியில் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்றோடு ஊரே அவரோடு பேசுவதை நிறுத்தியது. உயிர்ச் சிநேகிதர் முனிரத்தினமும்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பத்து வருஷம், சாமியை ஏரியில் வீசிய பாவி என்ற பெயரோடு, டீக்கடைப் பெஞ்சில் தன்னந்தனியாக உட்கார்ந்து எழுந்து வந்தார் அந்த மனுஷன்.

போன வாரம்தான் மகளிடம் வாயைத் திறந்தார்.

"ஏரியில போடலம்மா. மனசு வரல. கோயில் தரைக்கு அடியில மல்லாக்கப் படுக்க வெச்சு, மணல் கொட்டி, மேல சிமெண்ட்டு பூசிட்டேன். இடப்பக்கத் தூணுக்கு நேரா கீது. என்னிய அங்க எறக்கி வெச்சு எடு. வெளிய சொல்லாத. இப்ப இருக்குற காலத்துல கடப்பாறையத் தூக்கினு வருவாங்க."

சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். மாட்டிக்கொண்டது அவள். ஒரு வார்த்தை சொன்னால் அப்பா மேல் இருந்த பழி போய்விடும். கூடவே கோயிலும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பழியையும் சேர்த்தே புதைக்க வேண்டியதுதான். இதைப் பகிர்ந்துகொள்ள உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

ஜெபம் முடியும் நேரத்தில் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். முனிரத்தினம். கையில் சாமந்தி மாலை. யாரையும் பார்க்காமல் நேராக வந்து மாலையைப் போட்டார். சிநேகிதரின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கல்லு இருந்தா எறக்கி வெச்சு, சொல்லிகினு போயிருக்கலாம்," என்றார். "அவனுக்கே இன்னிக்கு அதுக்கு வழி இல்லாம பண்ணிக்கினானே மேரி."

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். பக்கத்திலேயே சாமியார் நின்றிருந்தார்.

"எறக்கி வெச்சாச்சு மாமா," என்றாள்.

"எங்க?"

"இங்கதான். இந்த எடத்துலதான் எறக்கி வெக்கணும்னு அப்பா சொல்லியிருந்தாரு."

முனிரத்தினம் அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பெட்டி உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்தார்.

பிறகு தன் காலடியைக் குனிந்து பார்த்து, மெல்ல இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.