குன்றிமணி இலையின் பதம்

முதல் தடவை கண்ணாடிக் குழாயில் அப்பாவின் சிறுநீர் அரக்கு நிறத்துக்கு வந்தது. ஆசுபத்திரிக் கம்பவுண்டர் நீல மருந்தில் சில சொட்டுகள் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் போலச் சிவந்து நின்றது. பட்டுத் தறியிலேயே காலம் தள்ளிய அப்பாவுக்கு அதை வியாதியாகப் பார்க்கத் தெரியவில்லை.

"நல்ல அரக்குபா. எங்க சாயப் பட்டறையில கூட இவ்ளோ சீக்கிரமா ஏறாது" என்றார்.

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. டாக்டரும் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, சர்க்கரை, வெல்லம் எதுவும் நாக்கில் படக் கூடாது என்றார். கார்த்திகை தீபம் கழித்து மறுபடி வர வேண்டும். அப்போதும் இதே நிறம் வந்தால் தினமும் ஊசி. தினமும் என்றதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் மயில்வாகனம் என்றால் எல்லோருக்கும் அவருடைய வாய்தான் ஞாபகத்துக்கு வரும். அன்று வீடு வந்து சேரும்வரை அவர் பேசவில்லை.

ஊசி என்றால் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பயம். ஆனால் காப்பி அதைவிடப் பெரிய விஷயம். காலையில் தறியில் இறங்குவதற்கு முன் ஒரு டம்ளர், பாகு மாதிரி. சர்க்கரையை நிறுத்திய பிறகு அம்மா கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, கஷாயத்தைக் கஷாயம் என்று சொல்லியே கொடுக்கலாமே என்பார். ஆனால் அதற்கு மேல் முரண்டு பிடிக்கவில்லை. அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் எனக்குச் சந்தேகம்தான். நான் எதையும் சந்தேகப்படுகிறவள் என்பதால் அதை வெளியே சொல்லவில்லை.

எறும்புகள் காட்டிக் கொடுத்தன. சமையலறையிலிருந்து ஒரு சாரை, நடைவழியாகத் தறிக்குழிக்குள் இறங்கியது. அம்மா அதன் பின்னாலேயே போனாள். மிதிபலகைக்குப் பக்கத்தில், பழைய துணியில் சுற்றிய வெல்லக்கட்டி இருந்தது. நெய்துகொண்டிருந்தது தை மாதக் கல்யாணத்துக்கான புடவை. அதன் மேல் எறும்பு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா கேட்டாள். அப்பா, எறும்புக்கும் வாய் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அம்மா போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பகலில் அப்பாவின் நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் டைப் வகுப்பு. மெட்ராஸ் ஸ்டேட் என்று அடித்துப் பழகிய விரல்கள் தமிழ்நாடு என்று அடிக்கக் கற்றுக்கொண்டிருந்த வருஷம் அது. பக்கத்து மிஷினில் பூவம்மாள். திருப்புட்குழியில் அவர்களுக்கு நிலம் இருந்தது. பஸ்ஸில் வந்து போவாள். எறும்புக் கதையை அவளிடம் சொன்னபோது சத்தம் போட்டுச் சிரித்து, மாஸ்டர் திரும்பிப் பார்க்கும்படி செய்தாள். மறுநாள் டிபன் டப்பாவில் ஒரு கொடித் துண்டு கொண்டு வந்தாள். புளிய இலை போல வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள்.

"மெல்லுடி. அவசரப்படாதே."

மென்றேன். வெறும் பச்சை வாசனை. ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தபோது, தொண்டைக்குப் பக்கத்திலிருந்து இனிப்பு மெதுவாக ஏறி வந்தது. வகுப்பு முடியும்வரை போகவில்லை. குன்றிமணி இலை என்றாள். அவள் ஊரில் கூத்து கட்டுகிறவர்கள் தொண்டைக்காக மெல்லுவார்களாம்.

குன்றிமணி என்றதும் எனக்குப் பயம் வந்தது. தட்டான் தராசில் எடைக்கல்லாகப் போடுகிற அந்தச் சிவப்பு விதை விஷம் என்று எல்லோருக்கும் தெரியும். விதைதான் ஆகாது, இலைக்கு ஒன்றுமில்லை என்றாள் பூவம்மாள். அது எனக்குப் போதவில்லை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். இருமலுக்கு அந்த இலையைத்தான் போடுகிறோம், காயும் விதையும் மட்டும் ஒன்றுகூட சேரக் கூடாது என்றார்கள். மறுநாள் வேறொரு கடையிலும் கேட்டேன். அதற்குப் பிறகுதான் இலையை வெந்நீரில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அந்த நீரில் டிகாக்ஷன் இறக்கினேன்.

அப்பா குடித்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"காப்பி உள்ள போன பின்னாடிதான் இனிப்பு வருது. பாக்கி வசூலுக்கு வர்றவன் மாதிரி" என்றார். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டார். அன்றிலிருந்து எறும்புகள் தறிக்குழிப் பக்கம் வரவில்லை.

பூவம்மாள் வகுப்புக்கு வரும்போதெல்லாம் ஒரு பிடி இலை கொண்டு வந்தாள். அப்படியே போயிருக்கும். ஆனால் தீபாவளி கழிந்ததும் அவள் அப்பா கண்ணாயிரம், வேலியையெல்லாம் வெட்டி முள்கம்பி இழுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். கொடி அந்த வேலியில்தான் இருந்தது. பூவம்மாள் ஒரு பை நிறைய இலை பறித்து வந்து, அவள் அம்மா மணியம்மாள் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்: நிழலில் பரப்பி, பதமாகக் காய்ந்ததும் பாட்டிலில் போட்டு இறுக்கி மூட வேண்டும்.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. சாயம் போட்ட பட்டு நூலையும் நிழலில்தான் காய வைப்போம். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். தறி அறையில் பழைய வேட்டியை விரித்து, இலைகளை ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி பரப்பினேன். காய் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்த்தேன். திருப்தி வராமல் மறுபடி பார்த்தேன். அவ்வப்போது ஒரு பிடி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நூலின் பதம் பார்ப்பது அப்படித்தான்: கன்னத்துக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், வளைந்து கொடுக்க வேண்டும், முறியக் கூடாது. இலை அந்தப் பதத்துக்கு வந்ததும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, 'குன்றிமணி இலை. பதமாகக் காய்ந்தது' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சந்தேகமில்லாமல் செய்தேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த பச்சை இலை தீர்ந்து, பாட்டிலைத் திறந்த அன்று மூடியோடு ஒரு புளித்த வாசனை எழுந்தது. இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே வெள்ளையாகப் பூசணம்.

அன்று சாயங்காலம் பாட்டிலை அப்படியே வகுப்புக்குக் கொண்டு போனேன். பூவம்மாள் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ஈரத்தோடவா போட்டு மூடினே?"

"பதமா வந்த பிறகுதான் போட்டேன். கன்னத்துல வச்சுப் பார்த்தேன். சில்லுனு, நல்லா வளைஞ்சு குடுத்துது."

அவள் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மிஷின் மேல் தலையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏண்டி, உங்க ஊட்ல பதம்னா ஈரமா? எங்க ஊட்ல கையில எடுத்தா நொறுங்கணும். அதான் பதம். நெல்லுக்கும் அதான், மொளகாவுக்கும் அதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா அன்று காலை வெறும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வெல்லத்தைத் தேடுகிற அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவள் சிரித்து முடித்ததும் அதைச் சொன்னேன்; பூவம்மாளுக்கும் புரிந்தது. வேலியில் வாய்க்கால் பக்கத்துத் துண்டை இன்னும் வெட்டவில்லை என்றாள். மறுநாள் மழையில் நனைந்துகொண்டே வந்து, கடைசிப் பை இது என்று என் மடியில் வைத்தாள். தலைமுடியில் வேலி முள் ஒன்று அப்படியே இருந்தது.

மழை விடவில்லை. அடுப்படியில் காய வைத்தால் தாளிப்பு வாசனை ஏறிவிடும்; குழம்பு மணக்கும் காப்பியை அப்பா எங்கள் தலையில்தான் ஊற்றுவார். நடுக்கூடம் ஒழுகியது. மிஞ்சியது தறி அறைதான். ஆனால் தறி அறையில் ஈரக்காற்று இருந்தால்தான் பட்டு இழை அறுந்து போகாது. அடை மழைக்காலம் அப்பாவுக்குச் சுகமான நெசவுக் காலம். இலைக்கோ அந்தக் காற்றே ஆகாது. ஒரே அறையில் இலையையும் இழையையும் எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா தறியிலிருந்து எழுந்து போய், பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட பிறகு மழை வந்துவிட்டால் அதைக் காய வைக்கிற கரிச்சட்டியைத் தேடி எடுத்து வந்தார். தணல் போட்டு, மேலே சாம்பலைத் தூவி, அறை மூலையில் வைத்தார். அதற்கு மேலே, கை வைத்தால் இதமாக இருக்கும் உயரத்தில் முறத்தைக் கட்டித் தொங்கவிட்டோம்.

"நூல் அறுந்துடுமேப்பா. கல்யாணப் புடவையாச்சே" என்றேன்.

"இழை அறுந்தா முடி போட்டுக்கலாம்மா. ஊசியை இன்னா பண்றது?"

அறை சூடேறியது. பழுப்பு இலைகளையும் காய்களையும் பொறுக்கியபடி நான் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தறியில் இழை அறும்போதெல்லாம் குறுக்கே ஓடும் நாடா நின்றுவிடும். அப்பா குனிந்து, விரல் நுனியில் எச்சில் தொட்டு, முடி போடுவார். ஒரு முடிச்சும் புடவையின் மேல்பக்கம் தெரியவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, இலைக்குக் குளிர் எடுக்குமென்று கம்பளி போர்த்தலாமே என்று கேட்டுவிட்டுப் போனாள். போகும்போது தணலைக் கிளறிவிட்டுப் போனாள்.

இந்த முறை கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஒரு இலையை எடுத்து விரலால் அழுத்தினேன். நொறுங்கியது. பச்சை மட்டும் போகவில்லை. சந்தேகத்துக்கு இன்னும் சில இலைகளை நொறுக்கினேன். இப்படியே நொறுக்கினால் காப்பிக்கு மிஞ்சாது என்று அப்பா சொன்ன பிறகு பாட்டிலில் போட்டேன்.

தீபம் கழித்து ஆசுபத்திரிக்குப் போனோம். அதே கம்பவுண்டர், அதே விளக்கு. நீலம் அசையாமல் நின்றது. பிறகு மெல்ல மாறியது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பச்சைக்கு வந்தது. மஞ்சளாகுமோ என்று நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையிலேயே நின்றுவிட்டது.

"கிளிப்பச்சை" என்றார் அப்பா.

கம்பவுண்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கிளிப்பச்சை இல்லய்யா, இலைப்பச்சை. திரும்பவும் அரக்காக்கிக்கினு வந்துராதே" என்றார். இவருக்கும் ஒரு வாய் இருந்திருக்கிறது.

ஊசி இப்போதைக்கு வேண்டாம், மாத்திரை தொடரட்டும் என்றார் டாக்டர். நிறத்தை மாற்றியது மாத்திரைதான், இலை இல்லை என்பது எனக்குத் தெரியும். இலை செய்ததெல்லாம் வெல்லத்தை மறக்க வைத்தது ஒன்றுதான். அதுவாவது உண்மைதானா என்று வீட்டுக்கு வந்ததும் வெல்ல டப்பாவைத் திறந்து பார்த்தேன். அம்மா ஏற்கனவே பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூவம்மாள் வீட்டுக்கு வந்தாள். சர்க்கரை போட்ட காப்பியை அவளுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தோம். அப்பா அவளைக் கெஞ்சித் தன் டம்ளரிலும் ஒரு வாய் குடிக்க வைத்தார். புடவையில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி அவளைத் தறிக்கு அழைத்துப் போனார். அவளால் முடியவில்லை. பாட்டிலில் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, 'குன்றிமணி இலை. நொறுங்கும்' என்று புதிதாக எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவள் மறுபடி சிரித்தாள். இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

இப்போதெல்லாம் காலையில் தறியில் இறங்குவதற்கு முன் அப்பா பாட்டிலை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்க்கிறார். உள்ளே இலைகள் சலசலக்கின்றன.

"பேசுது" என்று சொல்லி மூடியை இறுக்கி வைக்கிறார். அவர் தறியில் உட்கார்ந்த பிறகு நான் போய் இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு வருகிறேன்.