குளிர்காலத்துக்கு முன் வருவார்

கோசு வண்டிக்காரன் வாசலில் சுமையை இறக்கிவிட்டுப் போகும்வரை மான்சிக்கின் மனைவி யோன்சிம் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே அவள் போனில் வொன்ஜு ஊரில் பிரசங்கம் செய்யும் ஊழியக்காரரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. எக்காளம், துளிர்க்கும் அத்திமரம், யுத்தங்கள் என்று கடைசிக்கால அடையாளங்கள். மான்சிக் குவிந்து கிடந்த கோசுகளுக்கு நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். சுரங்கத்தில் இருபது வருஷம் கரி வெட்டியவன். கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோசில் உப்பு வைப்பது எப்படியென்று அவனுக்குத் தெரியாது.

மலையில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. தெரு முழுக்க சிவப்பு ரப்பர் தொட்டிகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து குளிர்காலத்துக்கான கிம்ச்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் வீட்டுச் சாடிகள் மட்டும் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தன. கோடை முடியும்போதே யோன்சிம் சொல்லிவிட்டாள்: "இந்த வருஷம் கிம்ச்சி வேண்டாம் மிரானப்பா. குளிர்காலத்துக்கு முன்னாடி கர்த்தர் வந்துருவாரு." அன்றைக்கு அவன் சிரித்தான். பிறகு அவளுடைய இடது மார்பில் கட்டி தெரிந்தது. உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், ஆபரேஷனுக்கு இந்த வியாழக்கிழமை வரச்சொன்னார்கள். "பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படப் போற உடம்புக்கு எதுக்குத் தையல்?" என்றாள் யோன்சிம். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

தங்கள் சபையின் இளம் போதகரைக் கூட்டிவந்தான். அவரும் பார்லி டீயைக் கையில் வைத்துக்கொண்டு பதமாகத்தான் பேசினார். நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்று வேதத்திலேயே இருக்கிறதே அம்மா என்றார்.

"நாளுதான் தெரியாதுன்னாரு பாஸ்டர். காலத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கோங்கன்னும் அவருதானே சொன்னாரு? நோவா காலத்துலயும் எல்லாரும் டீ குடிச்சிட்டுத்தான் இருந்தாங்க."

போதகர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

ஆன்சானில் இருக்கும் மகள் மிரான் போனில் அழுதாள். "தூக்கிட்டாவது போங்கப்பா." தூக்குவது அவனுக்குப் பெரிய வேலையா? ஈர மரக்கட்டைகளைத் தோளில் சுமந்து குனிந்தபடியே சுரங்கத்துக்குள் நடந்தவன். ஒருநாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து வாசல்வரை இழுத்தும் பார்த்தான். அவள் திமிறவில்லை, கத்தவில்லை. நின்று அவன் முகத்தையே பார்த்தாள். பிடி தானாக விட்டுப்போனது. ஒரு மனுஷியைத் தூக்கிப்போய் மேஜையில் கிடத்தலாம். கையெழுத்து அவள்தான் போடவேண்டும்.

அவனால் அவளிடம் அது பொய் என்று சொல்லவும் முடியவில்லை. ஞாயிறுதோறும் சபையில் எழுந்து நின்று, திரும்ப வருவார் என்று அவனும்தான் சொல்கிறான். ஒரே இடத்தில் இருவர் இருப்பார்கள், ஒருவன் எடுக்கப்படுவான், மற்றவன் கைவிடப்படுவான் என்பதைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு எக்காளம் நினைவுக்கு வராது. சுரங்கக் கூரை இடிந்த அன்று பக்கத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்து மண்ணுக்குள் போன சங்தோல்தான் வருவான். தான் அன்றைக்கே கைவிடப்பட்டவன் என்று மான்சிக்குக்கு ஒரு எண்ணம் உண்டு. வருவாரா என்றால் வருவார். வியாழக்கிழமைக்கு முன்னாலேயேவா?

அதனால்தான் கோசு வாங்கினான். சாடி நிறைந்தால், நிறைந்த சாடியைப் பார்த்தால், குளிர்காலம் ஒன்று இருக்கிறது என்று அவள் புத்தியில் ஏறாதா?

கோசை முழுசாகத் தொட்டியில் போட்டு மேலே கல்லுப்பை அள்ளி வீசினான். மதில் மேலாகப் பக்கத்து வீட்டு யோங்வோல்காரி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, ரோட்டுல பனி கரையத் தூவுற மாதிரி தூவுற?"

"உப்புதானே அக்கா, எங்க போட்டா என்ன?"

"எங்க போட்டா என்னவா! இத மாடுகூடத் திங்காது." பின்னால் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா சட்டென்று குரலை இறக்கினாள். "அவ வரலையா?"

அப்போது கதவு நகர்ந்தது. யோன்சிம் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து தொட்டியைப் பார்த்தாள்.

"தள்ளுங்க."

கோசுகளை வெளியே எடுத்து உதறினாள். ஒவ்வொன்றையும் அடியில் கீறி, கையால் இரண்டாகப் பிளந்தாள். இலையை விரித்து விரித்துத் தடித்த தண்டில் மட்டும் உப்பை வைத்தாள். இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. முகத்தைச் சுளிக்காமல் வலது கையாலேயே சமாளித்தாள். மான்சிக் மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு தண்ணீர் ஊற்றினான். அன்று மாலை அவள் போனில் எந்தக் குரலும் ஓடவில்லை. மகளுக்குச் சொல்லலாமா என்று போனை எடுத்தவன், கண் பட்டுவிடும் என்பதுபோல் திரும்ப வைத்தான்.

மறுநாள் காலை இருவரும் கோசை அலசினார்கள். மிளகாய்ப்பொடி, முள்ளங்கி, உப்பிலிட்ட இறால் எல்லாம் சேர்த்துப் பிசைந்து இலைக்கு இலை தடவினாள். ஒரு சாடி நிறைந்ததும் கையை நிறுத்தினாள்.

"மிச்சத்த யோங்வோல்காரி அக்காவுக்குக் குடுத்துருங்க. ஒரு ஆளுக்கு இது போதும்."

"ஒரு ஆளுக்கா?"

"நீங்க இங்கதானே இருப்பீங்க." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஊருக்குப் போகிறவள் வீட்டைப் பற்றிச் சொல்லிவைப்பதுபோல்தான் சொன்னாள். "நாங்கல்லாம் மேல போனப்புறம் கெட்ட காலமா இருக்கும். சாத்தானோட முத்திரை இல்லாதவங்க ஒண்ணும் வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. பசிக்குதுன்னு நெத்தியிலயோ கையிலயோ குத்திக்காதீங்க, மிரானப்பா. அரிசி கட்டில் பக்கத்துல வெச்சிருக்கேன். சாடிய நெழல்லயே வைங்க. வசந்தம்வரைக்கும் தாங்கும்."

"நானும் விசுவாசிதானேடி."

"விசுவாசிதான். காத்துட்டு இருக்கலையே." அவள் மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "நான் ராத்திரியெல்லாம் கர்த்தர்கிட்ட கேட்டுப் பாத்தேன். உங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்கன்னு. அதுக்குப் பதில் இல்ல."

வியாழக்கிழமை என்று சொல்ல அவன் நிமிர்ந்தான். யோன்சிம் கோசின் நடுவிலிருந்து மஞ்சள் இலை ஒன்றைக் கிள்ளி, மசாலாவை வைத்துச் சுருட்டி அவன் வாயருகே நீட்டினாள். சொட்டாமலிருக்க மற்ற கையை, ஏறமறுத்த அந்தக் கையை, மெல்ல உயர்த்தி அவன் தாடைக்குக் கீழே பிடித்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"உப்பு சரியா இருக்கா, பாருங்க."

அவன் வாயைத் திறந்தான்.