மூக்கனின் மஞ்சள் வளையம்

"வளையம் எங்கடா?"

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தம்பிக்குப் பயமிருந்திருக்காது. போட்டோ ஸ்டூடியோவின் உள்ளறையில், பிரிண்டரிலிருந்து சூடு ஆறாமல் வந்த பெரிய பறவைப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லுக்குள்ளேயே கேட்டாள்.

"எந்த வளையம்?"

"கால்ல இருந்துச்சே, மஞ்சளா."

"ஓ, அதுவா!" தம்பியின் முகம் மலர்ந்தது. "ஏதோ பிளாஸ்டிக் குப்பை காலைச் சுத்தியிருக்குன்னு எடுத்துட்டேன். கால் எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு! மூக்கு கூட ரொம்ப நீளம்தான். உன் மேல இருக்கிற மரியாதைக்காக அதைத் தொடல."

தெருவில் அவனுக்குப் 'பளபளா' என்று பெயர். எந்த முகம் வந்தாலும் மரு, மச்சம், தழும்பு, சுருக்கம் எல்லாவற்றையும் வழித்தெடுத்து பளபளவென்று அனுப்பிவிடுவான். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் அடையாள மச்சத்தையே அழித்துவிட்டு ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவன். அப்போதும் புத்தி வரவில்லை.

"அப்படியே போடுன்னு சொன்னேனா இல்லையா?"

"எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்வாங்க. அப்படியே போட்டுக் குடுத்தா மூஞ்சியில வீசிட்டுப் போவாங்க."

அக்கா படத்தை மேசையில் வைத்தாள்.

பழைய ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் சேற்றுத் திட்டில், கடல் வடியும் விடியற்காலைகளில் அவள் குப்புறப் படுத்துக் கிடந்தது இந்த வளையத்துக்காகத்தான். அந்தத் திட்டை மண் கொட்டி மேடாக்கி லாரி நிறுத்தப்போகிறார்கள். போன பஞ்சாயத்துக் கூட்டத்தில் அவள் எழுந்து, "அங்கே வளையம் போட்ட மூக்கன் ஒண்ணு வந்திருக்கு. எங்கேயோ குளிர் தேசத்துல பிடிச்சு, கால்ல எழுத்து போட்டு விட்ட பறவை. அத்தனை கடல் தாண்டி இங்கே இறங்கி இரை தேடுது" என்றாள்.

லாரி முதலாளி உட்கார்ந்தபடியே சிரித்தார். "சேத்துல படுத்தே கிடந்தா கண்ணு முன்னால மஞ்சப்பூச்சி பறக்கத்தான்மா செய்யும். வீட்டுல வேலை இல்லையா?"

மண்டபமே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். "அந்த எழுத்து தெரியிற மாதிரி ஒரு படம் கொண்டு வாங்க. வளையம் போட்டவங்களை விசாரிக்கிற வரைக்கும் மண்ணை நிறுத்தி வைக்கிறேன். அடுத்த கூட்டம்தான் கடைசி."

அந்த அடுத்த கூட்டம் இன்று சாயங்காலம்.

இன்று காலைதான் எல்லாம் கூடி வந்தது. மெல்லிய மேகம் வெயிலைச் சலித்து அனுப்பியது. எங்கும் கூசும் வெளிச்சமில்லை, கறுத்த நிழலில்லை. காற்று நின்றுபோய்த் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கேமராவைச் சேற்றோடு சேற்றாக, பறவையின் கண் மட்டத்துக்கு இறக்கினாள். பின்னணி தூரத்தில் கரைந்து வெறும் சாம்பல் நிறமாயிற்று. மூக்கன் பார்க்கும் பக்கம் நிறைய இடம் விட்டாள். அந்த நீள அலகுக்கு மூச்சுவிட இடம் வேண்டாமா? கழுத்துக்கடியில் எறும்பு கடித்தும் அசையவில்லை. ஒரு அடி எடுத்துவைத்து மூக்கன் நின்றது. வளையம் அவள் பக்கம் திரும்பியது. ஒரே ஒரு படம். அடுத்த நொடி எங்கோ நாய் குரைக்க, பறவை பறந்துவிட்டது.

"கேமரா கார்டைக் குடு. ஒரிஜினலை நான் எடுத்துக்கிறேன்."

தம்பி தலையைச் சொறிந்தான். அவன் தலையைச் சொறிந்தால் வீட்டில் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"கார்டை அழிச்சுட்டு மதியம் ஒரு கம்பெனி குரூப் போட்டோ எடுத்துட்டேன்க்கா. கம்ப்யூட்டர்ல இருந்த படத்து மேலேயே திருத்தினதை சேவ் பண்ணிட்டேன்."

அக்கா அருகிலிருந்த ஸ்டூலை எட்டி உதைத்தாள். அது உருண்டு போய் விளக்குக் குடையை இடித்தது.

"பாவி! அந்த லாரிக்காரன் குடுக்கிற காசுக்கு இதைவிட நல்லா வேலை செஞ்சிருக்க முடியாதுடா உன்னால! அவன் பேனரையும் நீதானே பளபளன்னு அடிச்சுக் குடுத்தே?"

"அது தொழில்க்கா!"

"நான் காட்டுக்கத்தலா கத்திட்டு வந்தேனே சோறு திங்கும்போது, வளையம் வளையம்னு! காது எங்கே போச்சு?"

"போன்ல இருந்துச்சு" என்றான் தம்பி, உண்மையாகவே.

அவள் படத்தைக் கிழித்துப்போட எடுத்தாள். நடுவில் மடிக்கும்போது அவள் கண் கீழ்ப்பாதியில் நின்றது. அசையாத தண்ணீர். அதில் தலைகீழாக இன்னொரு மூக்கன். தலைகீழாக இன்னொரு கால். அந்தக் காலில்...

"டேய், மெஷினைப் போடு."

மேலே அழித்தவன் கீழே அழிக்க மறந்திருந்தான். முகங்களையே தேய்த்துப் பழகியவனுக்குத் தண்ணீரில் தெரியும் நிழலைப் பார்க்கத் தோன்றவில்லை. தம்பி கீழ்ப்பாதியை மட்டும் வெட்டி நேராக்கிப் பெரிதாக்கினான். மஞ்சள் வளையமும் அதிலிருந்த எழுத்துகளும் கொஞ்சம் மங்கலாக, ஆனால் படிக்கும்படியாக வந்து நின்றன.

"தப்பிச்சேன்" என்றான் தம்பி.

"நீயா? கூட்டத்துக்கு வந்து, நான்தான் அழிச்சேன்னு எல்லார் முன்னாலயும் சொல்ற."

"ஐயோ அக்கா, ஊரே கூடியிருக்கும். படத்துல கை வைக்கிறவன்னு தெரிஞ்சா அடையாள அட்டைக்கு ஒருத்தன் என்கிட்ட வருவானா? கடையை மூட வேண்டியதுதான்."

"மூடு" என்றாள் அக்கா.

மண்டபத்தில் அவள் பயந்தபடியே நடந்தது. முழுப் படமும் பெரிதாக்கிய துண்டும் கைமாறிப் போயின. லாரி முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"வேடிக்கையைப் பாருங்க! மேலே கால்ல ஒண்ணுமில்ல. கீழே தண்ணியில மட்டும் வளையம். கம்ப்யூட்டர்ல ஒட்டத் தெரியாம ஒட்டிட்டு வந்திருக்கு இந்தம்மா."

"ஒட்டல. மேலே இருந்தது அழிஞ்சுபோச்சு."

"யார் அழிச்சது? பறவையேவா கழட்டி வச்சுட்டுப் போஸ் குடுத்துச்சு?"

மறுபடியும் அதே சிரிப்பு. அக்காவுக்குக் காது மடல் வரை எரிந்தது. அவள் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கெஞ்ச மாட்டாள். இந்தப் பயல் வாயைத் திறக்காவிட்டால் இன்றோடு தம்பியும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

தலைவர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். "வேற சாட்சி இல்லேன்னா..."

"நான் அழிச்சேன்."

பின்வரிசையில் தம்பி எழுந்து நின்றான். குரல் கீச்சென்று வந்தது. "நான்தான் சார். எல்லாத்தையும் அழிப்பேன். பழக்கம். நிழல்ல இருக்கிறதை மட்டும் மறந்துடுவேன்."

"அக்காவுக்குத் தம்பி சாட்சியா? பேஷ்!" என்றார் லாரி முதலாளி.

தம்பிக்கு மூக்கு சிவந்தது. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்படியா? வாசல்ல தொங்குதே உங்க பேனர், லாரிமேல சாஞ்சு நிக்கிறீங்களே, அதுல உங்க கன்னத்துல மரு இருக்கா?"

லாரி முதலாளியின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. மிளகு அளவு மரு அங்கே பத்திரமாக இருந்தது.

"இல்ல. ஏன்னா அதையும் நான்தான் அழிச்சேன். ஆனா லாரியோட பக்கக் கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியுது பாருங்க, அதுல மரு அப்படியே இருக்கு. யார் வேணும்னாலும் போய்ப் பார்க்கலாம்."

தலைவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். பின்னால் பத்துப் பேர் முண்டியடித்தார்கள். வெளியே பேனர் காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. லாரியின் பக்கக் கண்ணாடியில் மரு பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஒருவர் புரையேறியதுபோல் சிரிக்க, மண்டபம் முழுக்கப் பற்றிக்கொண்டது. இந்த முறை சிரிப்பு லாரி முதலாளியின் பக்கம் திரும்பியிருந்தது.

"விசாரிக்கிற வரைக்கும் ஒரு கூடை மண்ணு கூட விழக்கூடாது" என்றார் தலைவர், சிரிப்பைத் துடைத்துக்கொண்டு.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. போன கூட்டத்தில் சிரித்த அதே வாய்கள்தானே இவை. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

தம்பியால் இறங்க முடியவில்லை. கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, என் படத்துல என்னத்தை அழிச்சே?"

"என் பொண்ணு படத்துல? உண்மையைச் சொல்லிடு!"

"என் தலையில முடி அவ்வளவு அடர்த்தியா வந்துச்சே, அதுவும் உன் வேலைதானா?"

"அக்கா! அக்கா, நில்லு! கோவம் போயிடுச்சில்ல?"

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "ஒரே ஒரு படம்டா அது. போகல."

"நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"நடந்து வா. வர்ற வழியில புதுசா ஒரு கார்டு வாங்கிட்டு வா. காலையில தண்ணி வடியும்போது மறுபடி படம் எடுக்கணும். அதுல உன் விரல் பட்டுச்சுன்னா, அப்புறம் உன் மூஞ்சியை நான் திருத்துவேன்."