ஓவனுக்குள் இருந்த தோசைக்கல்

துபாயிலிருந்து கார்கோவில் வந்து இறங்கிய ஓவன், குல்சும் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு வருஷமாக அலமாரி வேலைதான் பார்த்தது. அப்பள டப்பா, இட்லித் தட்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நான்ஸ்டிக் தோசைக்கல் எல்லாம் அதற்குள்தான் குடியிருந்தன. ஒரே ஒரு தடவை கோழி வைத்தாள். கொழுப்பு தெறித்து உள்ளே கரி பிடித்துக்கொண்டது, அதோடு சரி. ஆனால் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. பட்டனை அமுக்கினால் அதுவே தன்னைச் சுத்தம் பண்ணிக்கொள்ளும் என்று லப்பைக்குடிக்காட்டில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தாள்.

பக்கத்து வீட்டு வளர்மதியிடம் கூடுதலாக இன்னொன்றும் சொல்லிவைத்தாள். ஓவனோடு வந்த புத்தகம் பூராவும் அரபி. வளர்மதி பெரம்பலூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள், பட்டம் வாங்கியவள். அவள் வாயைப் பிளந்து, "இதெல்லாம் படிக்கத் தெரியுமாக்கா?" என்று கேட்டபோது, "பின்னே? மதரஸாவுல ஓதுனவ இல்லையா நானு" என்றாள் குல்சும்.

ஓதினது உண்மை. மேலும் கீழும் உச்சரிப்புக் குறி போட்ட குர்ஆன் எழுத்தை ராகமாக ஓதுவாள், அர்த்தம் தெரியாது. இந்தப் புத்தகத்திலோ அந்தக் குறிகள்கூட இல்லை. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு நாக்கு எழவில்லை. புருஷனிடமும் புத்தகத்தைப் படித்துவிட்டதாகவே போனில் சொல்லியிருந்தாள்.

வளர்மதிக்கு ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். புருஷன் ராஜராஜன் அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை அவைதான். விக்கிரமங்கலத்தில் காதுகுத்து என்று புதன்கிழமை கிளம்பியவள், கூண்டைக் கொண்டுவந்து குல்சுமிடம் கொடுத்தாள். "வேற யார் வூட்லயும் விட மாட்டேங்க்கா. நாளைக்கு சாயங்காலம் வந்துடுவேன்" என்றாள்.

குல்சுமின் வீட்டுக்காரர் அப்துல் சுக்கூர் துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி லீவில் வருகிறார். அவர் அனுப்பிய ஓவன் பளபளவென்று இருக்க வேண்டாமா? வியாழன் காலை புத்தகத்தைப் புரட்டினாள். படித்தாள் என்று சொன்னால் அது பொய். டப்பாவையும் தட்டையும் எடுத்து வெளியே வைத்தாள். தோசைக்கல்லைத் தொட்டவள், இதுவும் சேர்ந்து சுத்தமாகட்டுமே என்று உள்ளேயே விட்டாள். அப்படியொரு சிக்கனம். பூனை வந்துவிடக் கூடாதே என்று, அடுப்பங்கரையில் கூண்டு தொங்கிய ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். பட்டனை அமுக்கினாள். டக்கென்று ஓவன் கதவு பூட்டிக்கொண்டது.

கால் மணி நேரத்தில் காரமான நெடி ஏறியது. இருமல் தாங்காமல் கூடத்துக்கு ஓடி, கொஞ்சம் மூச்சுவிட்டுத் திரும்பி வந்து ஓவன் கதவை இழுத்தாள். அது திறக்கவில்லை. மெயினை அணைத்து ஜன்னலைத் திறந்தபோது, கூண்டின் அடியில் இரண்டும் கால் மடங்கிக் கிடந்தன.

புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தாலாவது தேவலை.

"முதல் பக்கத்துலயே போட்டிருக்கே குல்சும். உள்ள ஒரு சாமான் இருக்கக் கூடாது, பிசுக்கைத் துடைச்சிட்டுப் போடணும், ஜன்னலைத் திறந்து வைக்கணும். வளக்குற பறவைய அடுப்பங்கரைய விட்டே எடுத்துடணும்னு படம் போட்டிருக்கான். கரிய எரிச்சுச் சாம்பலாக்குற சூடு அது. நான்ஸ்டிக் பூச்சு அந்தச் சூட்டுல புகைஞ்சா அதுங்க தாங்காது. நீ படிச்சிட்டேன்னு சொன்னியே?"

"ம்" என்றாள்.

"அந்தப் புள்ளைகிட்ட உள்ளதைச் சொல்லிடு."

அதற்கும் ம் என்றாள்.

சாயங்காலம் வளர்மதி வந்தாள். குல்சும் வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு. "காலையில பாத்தா இப்படிக் கிடக்குது. என்னான்னே தெரியலம்மா."

கூண்டைக் கட்டிக்கொண்டு வளர்மதி அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செல்லமுத்து கடையில புதுத் தினை வாங்கிப் போட்டேன். மருந்து அடிச்சதைக் கொடுத்துட்டாரோக்கா?" என்றாள்.

"இருக்கும்" என்றாள் குல்சும்.

அந்த ஒரு சொல் ராத்திரி முழுக்க அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. காலையில் அவளே போய்ச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். அதற்குள் வளர்மதி வாசலில் வந்து நின்றாள். "நீங்களும் கடைக்கு வாங்கக்கா. நீங்க சொன்னா நாலு பேர் நம்புவாங்க."

சாட்சி சொல்லக் கூப்பிடுகிறாள். குல்சும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். வழியெல்லாம் சொல்ல இடமிருந்தது, சொல்லவில்லை. இப்படியும் ஒருத்தி நடப்பாளா என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது.

கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வளர்மதி சத்தம் போட்டாள். செல்லமுத்து, அறுபது வயது மனுஷன், தினை மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். தண்ணீர்கூட இல்லாமல் மென்றார்.

"சின்னப் புள்ளைங்களுக்குக் கஞ்சி வைக்க வாங்கிட்டுப் போற தினைம்மா இது. இதுல மருந்து கலப்பனா?" உதட்டில் உமி ஒட்டியிருக்க, குல்சுமைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. பதினஞ்சு வருஷமா எங்கிட்டதான வாங்குறீங்க?"

"தினையில ஒண்ணுமில்ல" என்றாள் குல்சும். குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னாள். "நான்தான் கொன்னுட்டேன் வளர்மதி. ஓவனைப் போட்டேன். உள்ள தோசைக்கல்லு இருந்துச்சு. அந்தப் புகைதான்."

"புத்தகத்தைப் படிச்சிட்டுத்தான போட்டீங்க?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஓதத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. உங்கிட்ட பெருமைக்குச் சொன்னேன்."

கூட்டத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் குல்சும் தலையைக் குனிந்துகொண்டு ஓடியிருப்பாள்.

"தெரியாமப் பண்ணது போவட்டும்கா" என்றாள் வளர்மதி மெதுவாக. "நேத்து 'இருக்கும்'னு சொன்னீங்களே. அதுவும் தெரியாமச் சொன்னதா?"

"இல்ல" என்றாள் குல்சும். "தெரிஞ்சேதான் சொன்னேன்."

வளர்மதி செல்லமுத்துவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எந்நாளும் 'போயிட்டு வரேங்க்கா' சொல்லாமல் போகாதவள், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

கூட்டம் கலைந்தது. தொண்டையில் தினை அடைத்துச் செல்லமுத்து இருமிக்கொண்டிருந்தார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். குல்சுமின் முகத்தைப் பார்த்ததும் தான் குடிக்காமல் அவளிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க குடிங்கம்மா" என்றார்.