தறிக்கொட்டில் பாஷை

றஸீனாவின் நடுவிரலை நான் மெல்ல மடக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் நடக்கிற வேலைதான். இரண்டு கைகளிலும் முழங்கைக்குக் கீழிருந்து விரல் நுனிவரை அசையாமலிருக்கத் தட்டு வைத்துக் கட்டியிருக்கும். பட்டியைத் தளர்த்தி ஒவ்வொரு விரலாகப் பிடித்து நான் மடக்குவேன், விடுவேன். அவள் தன்பாட்டில் ஒரு விரலைக்கூட மடக்கக் கூடாது. உள்ளங்கை இரண்டிலும் அறுந்துபோயிருந்த நரம்புகளை டொக்டர் நல்லரத்தினம் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த வசதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் தைத்திருந்தார். தையல் இறுகும்வரை, ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதம், விரல்கள் சும்மா இருக்க வேண்டும். அவளாக மடக்கினால் உள்ளே தையல் அறுந்துவிடும். இரண்டாந்தரம் தைத்துப் பழைய கை கிடைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வேறு யாரென்றாலும் இதைச் சொல்லிப் பயமுறுத்தி வைத்துவிடலாம். றஸீனாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் பேசுவதெல்லாம் கையால்தான். கையை ஆட்டாதே என்று அவளிடம் சொன்னால், வாயைப் பொத்திக்கொண்டு இரு என்றுதான் அர்த்தம்.

காத்தான்குடியில் ஷெல் விழுந்த அன்று, அவள் நெய்கிற தறிக்கொட்டிலில் இருந்த எல்லோரும் முதல் சத்தத்திலேயே நிலத்தில் படுத்துவிட்டார்கள். ஏன் படுக்கிறார்கள் என்று பார்க்க எழுந்தவள் இவள் ஒருத்திதான். இரண்டாவது ஷெல்லில் யன்னல் கண்ணாடி பறந்து வந்தபோது முகத்தை மறைக்க இரண்டு கைகளையும் நீட்டியிருக்கிறாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. காயம் ஆறிய பிறகும் அவளை வீட்டுக்கு விட டொக்டர் சம்மதிக்கவில்லை. "வீட்ட போனா கதைச்சிருவா, சீதேவி. இங்க எண்டா நீங்க பாத்துக்கொள்ளுவீங்க" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

என் முழுப்பெயர் சீதேவிப்பிள்ளை. வேலை, தொழில்வழிச் சிகிச்சை. இந்த வேலையின் பெயரைக் கேட்டுவிட்டு, நான் தொழில் எடுத்துக் கொடுக்கிறேன் என்று நம்பி மகனின் சான்றிதழ்களோடு வந்து நின்றவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் என் வேலை, காயப்பட்ட கை திரும்பவும் சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசையவும் வலை பின்னவும் பழகுகிறவரை கூட நிற்பது. யுத்தம் எனக்கு ஓய்வே தரவில்லை. நான் ஆரையம்பதிக்காரி. எங்கள் தமிழ் ஊரும் முஸ்லிம்களின் காத்தான்குடியும் ஒட்டியவை, நடுவில் ஒரு வண்டி போகிற ஒழுங்கைதான். அந்த வருடங்களில் அந்த ஒழுங்கையைத் தாண்ட இரண்டு பக்கத்தாருக்கும் பயம். பஸ்ஸில் காத்தான்குடியைக் கடக்கும்போது நாங்கள் யன்னல் பக்கம் திரும்புவதில்லை. ஆரையம்பதியில் அவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். முதல் நாள் நான் பொட்டோடு போய்க் கட்டிலருகில் நின்றபோது றஸீனாவின் தாய் ஆசியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றதும் அந்தப் பயத்தில்தான். பிறகு நான் மகளின் கையைப் பிடித்த விதத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

கொழும்பில் ஒருமுறை செவிப்புலன் இல்லாதவர்களுக்கான பாடசாலையொன்றில் எங்களுக்குச் சைகைமொழிப் பயிற்சி தந்திருந்தார்கள். அதில் படித்ததையெல்லாம் றஸீனாவுக்கு முன்னால் அவிழ்த்துவிட்டேன். அவள் நான் ஏதோ பூச்சியை விரட்டுகிறேன் என்பதுபோலப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகாதவளுக்கு அந்தச் சைகைகள் எப்படித் தெரியும்? சரி, தாயிடம் கேட்போம் என்று கேட்டேன். ஆசியா உம்மாவிடம் சைகைகள் இருந்தன. சாப்பிடு, குளி, படு, வா, முக்காட்டைப் போடு. அவ்வளவும் கட்டளைகள். ஒரு கேள்விகூட இல்லை.

"மறுகா அவ ஒங்களோட என்ன கதைப்பா உம்மா?"

"அவ என்னத்தக் கதைக்கிற மிஸ். நான் செல்றதக் கேப்பா. தங்கமான புள்ள."

தங்கமான பிள்ளை கட்டிலில் இருந்தபடி கண்ணை மேலே உருட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவளை எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கூட நெய்கிற ஜெமீலா ஒருநாள் பின்னேரம் பார்க்க வந்தாள். கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள், வாயைத் திறக்காமல் இரண்டு கைகளாலும் ஊர்ப் புதினம் முழுவதையும் கொட்டத் தொடங்கினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இவவோட கதைக்கவா இதெல்லாம் பழகின நீங்க?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். தறி அடிக்கிற சத்தத்துல ஆருக்குக் காது கேக்கும்? நாங்க எல்லாரும் கையாலதான் கதைக்கிற. றஸீனாதான் எங்க எல்லாரையும் விட வாய்க்காரி."

எனக்கு உச்சியில் அடித்தது போலிருந்தது. தாய்க்குத் தெரிந்த ஊமைப்பிள்ளை வேறு, தறிக்கொட்டிலுக்குத் தெரிந்த வாய்க்காரி வேறு. ஜெமீலாவை விடாமல் பிடித்துவைத்து எவ்வளவு முடியுமோ அவ்வளவும் கேட்டுக்கொண்டேன். உள்ளங்கையை விமானம்போல உயர்த்தினால் வெளிநாட்டுக்குப் போனவர். காதோரம் விரலைச் சுழற்றினால் கெசட். சவூதியிலும் குவைத்திலும் இருக்கிற மாப்பிள்ளைமார் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்புகிற காலம் அது. எந்த வீட்டுக்குக் கெசட் வந்தது, அதில் என்ன சொல்லியிருந்தது என்பதுதான் கொட்டிலில் பாதிக் கதை. ஒரு கையை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே தறியின் ஓடம்போல ஓடவிட்டால், இருவர் ஒருவரோடொருவர் கதைப்பது. ஜெமீலா அடுத்த கிழமையும் வருவதாகச் சொல்லிப் போனாள். அடுத்த நாளே ராணுவத்தின் சுற்றிவளைப்பு, பிறகு ஹர்த்தால், பிறகு வீதியில் ஏதோ வெடித்தது. அவள் வரவேயில்லை.

ஆகவே மிச்சத்தைக் கை கட்டப்பட்டவளிடமிருந்தே நான் படிக்க வேண்டியதாயிற்று. இப்படி ஒரு பாஷையை உலகத்தில் வேறு யாரும் படித்திருப்பார்களோ தெரியாது. விரல் பயிற்சி முடிந்ததும் நான் அவள் முன்னால் உட்கார்ந்து ஏதாவது ஒரு சைகையைச் செய்வேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டுவாள். கையைக் கொஞ்சம் உயர்த்துவேன். இல்லை. விரலை விரிப்பேன். புருவம் சற்று ஏறும், கிட்ட வந்துவிட்டேன் என்று அர்த்தம். சரியாக வந்துவிட்டால் கண்ணை ஒருதரம் மூடித் திறப்பாள். என் மண்டை கொஞ்சம் மந்தம்தான். ஒரு சொல்லுக்கு ஒரு காலை முழுவதும் போய்விடும். அவளோ இரக்கமில்லாத வாத்தியார். அரைகுறையாகச் செய்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

நான்காவது கிழமை சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் பெயர் முனாப். கட்டாரில் கட்டடவேலை. லீவில் வந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை திரும்பவும் பிளேன் ஏற வேண்டும், அதற்குள் நிக்காஹ்வை முடித்துவிட்டால் அடுத்த லீவில் அழைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. காது கேட்காதவள் என்று தெரிந்தும் கேட்டு வந்த இடம். ஆசியா உம்மாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மகளுக்குத் தன் கட்டளைச் சைகைகளாலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் போட்டோவையும் காட்டினார். றஸீனா போட்டோவைக் கனநேரம் பார்த்தாள். பிறகு தட்டுக் கட்டிய இரண்டு கைகளையும் தூக்கினாள். அவற்றைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓமெண்டுட்டா" என்றார் ஆசியா உம்மா.

"எங்க உம்மா ஓமெண்ட?"

"கொமர்ப்புள்ள பேசாம இருந்தா சம்மதம் எண்டுதான் மிஸ் எடுக்கிற. எங்களுக்குள்ள அதுதான் முறை."

"இவ எந்த நாளும் பேசாமத்தானே உம்மா இரிக்கா?"

நான் பகிடியாகத்தான் கேட்டேன். ஆசியா உம்மா சிரிக்கவில்லை. முக்காட்டின் நுனியைத் திருகிக்கொண்டு மகளைப் பார்த்தார். பிறகு, அவளிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றார். நான் எனக்குத் தெரிந்த கையால் கேட்டேன். இவரை விருப்பமா? றஸீனா ஓமென்றும் ஆட்டவில்லை, இல்லையென்றும் ஆட்டவில்லை. அவளுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. அது தலையாட்டில் அடங்குகிற விஷயமில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில் ஆச்சிப்பிள்ளை அக்காவின் தலைமாட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ கெசட்டை முகத்தைத் தூக்கி நாடியால் காட்டினாள். திரும்பத் திரும்பக் காட்டினாள்.

"ரேடியோ கேக்கிறா" என்றார் ஆச்சிப்பிள்ளை அக்கா. வார்டே சிரித்தது. காது கேட்காத பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ரேடியோ வேண்டுமாம். நானும் சிரித்தேன். தாய் மட்டும், ஆசைப்பட்டுவிட்டாள் பிள்ளை என்று உருகி, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். றஸீனா இரண்டு நாள் என் பக்கம் திரும்பவில்லை. விரல் பயிற்சியின்போது வாவிப் பக்கத்து யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பின்னேரம் முனாப் தாயோடு வந்தார். உயரமான மனிதர். வெயிலில் கறுத்த முகம். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரக் கூச்சப்பட்டு நின்றார். தாய்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். புதுப் பெட்டியிலிருந்து ரேடியோ கெசட்டை எடுத்து றஸீனாவின் மடியில் வைத்தார்கள்.

"வீட்டுல வச்சிக்கங்க" என்றார் முனாப்பின் தாய் ஆசியா உம்மாவிடம். "மகன் அங்க இருந்து கெசட் அனுப்புவான். எல்லாரும் இருந்து கேக்கலாம். போன லீவுக்கு முந்தி அனுப்பினது ஒண்டு இரிக்கி, கேளுங்களன்."

பட்டனை அமுக்கினார். அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா என்று முனாப்பின் குரல் வந்தது. ஆசியா உம்மா குனிந்தார். ஆச்சிப்பிள்ளை அக்காவும் எட்டிக் குனிந்தார். அதில் ஏதோ பகிடி வர எல்லோரும் சிரித்தார்கள். றஸீனா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவள் முகம் அப்படிக் கறுத்ததை நான் முன்பு பார்த்ததில்லை. சட்டென்று வலக்கையைத் தூக்கி, தட்டின் பட்டியைப் பல்லால் கவ்வி இழுத்தாள். பட்டி விட்டுக்கொடுத்தது. தட்டுக்குள் அவளுடைய விரல்கள் அசையத் தொடங்கியதைப் பார்த்தேன்.

நான் பாய்ந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் அமத்திப் பிடித்தேன். இன்னும் ஒரு கணம், அவள் சொல்ல வந்ததைச் சொல்லியிருப்பாள். அதோடு அந்தக் கையும் போயிருக்கும். அவள் திமிறினாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளுக்கே தெரியாத சத்தம். அதைக் கேட்டு யாரோ கெசட்டை நிறுத்தினார்கள்.

பட்டியைத் திரும்ப இறுக்கிவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். உன் கையை வைத்திரு, இந்தா என் கை, என்று காட்டினேன். காதோரம் விரலைச் சுழற்றினேன். கெசட். அவள் திமிறுவதை நிறுத்தினாள். உள்ளங்கையை விமானமாக உயர்த்தினேன். இவர் போவார். கண் மூடித் திறந்தது. கட்டிலைச் சுற்றி நின்றவர்களை எல்லாம் காட்டி மறுபடி காதைத் தொட்டேன். இவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கண் மூடித் திறந்தது. அவள் காதைக் காட்டிக் கையை விரித்தேன். உனக்கு இல்லை. அதற்கும் ஓம். ஆனால் கண் என்னை விடவில்லை. இன்னும் இருக்கிறது, மேலே சொல் என்றது. கலியாணம் வேண்டாமா? அவள் பொறுமையில்லாமல் தலையை ஆட்டினாள். அதில்லை. நான் யோசித்தேன். பிறகு முனாப்பைக் காட்டி, அவளைக் காட்டி, நடுவில் என் கையை ஓடமாக இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே ஓடவிட்டுப் புருவத்தை உயர்த்தினேன்.

றஸீனாவின் தோள் இரண்டும் இறங்கின. கண்ணை மூடித் திறந்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு, முக்காடு சரிந்ததையும் பாராமல், நேராக முனாப்பைப் பார்த்தாள்.

"அவ ஒரு கேள்வி கேக்கிறா" என்றேன். "நீங்க அங்க இருந்து எல்லாரோடயும் கெசட்டுல கதைப்பீங்க. லீவுல வந்தாலும் வாயாலதான் கதைப்பீங்க. என்னோட எப்பிடிக் கதைக்கப் போறீங்க எண்டு கேக்கிறா. அவட பாஷையப் படிப்பீங்களாமா?"

"அதுக்கென்ன மிஸ், கலியாணம் முடிஞ்சா அதெல்லாம் தன்பாட்டுல வரும்" என்றார் அவருடைய தாய்.

"எனக்கு வரல்லியே" என்றார் ஆசியா உம்மா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "பெத்த எனக்கே வரல்லியே."

முனாப் கல்லும் சீமெந்தும் பிடித்துத் தடித்துப்போன தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிக்கிறன் எண்டு கையால எப்பிடி மிஸ் செல்ற?"

எனக்குத் தெரியவில்லை. ஜெமீலாவிடம் அந்தச் சொல்லை நான் கேட்கவேயில்லை. ஆசியா உம்மாவைப் பார்த்தேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார். அந்த இடத்தில் அது தெரிந்தவள் ஒருத்திதான். அவளுடைய இரண்டு கைகளும் கட்டிக் கிடந்தன.

"தெரியா தம்பி. நீங்களே செஞ்சு பாருங்க. சரியோ பிழையோ எண்டு அவ செல்லுவா."

அவர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லாக் கட்டில்களிலிருந்தும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கும். ஆனாலும் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் புத்தகம்போல விரித்துக் காட்டினார். றஸீனா இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு கையில் மற்றக் கையால் எழுதிக் காட்டினார். இல்லை. பொறுங்கள் என்று ஆசியா உம்மா முன்னால் வந்து, ஏதோ நினைவு வந்தவர்போல விரலால் நெற்றியைத் தொட்டார். றஸீனா தாயை வியப்போடு பார்த்தாள். அவள் புருவம் கொஞ்சம் ஏறியது.

"சோதனைச் சாவடி மூடப் போறான் மனே, பஸ்ஸும் போயிரும்" என்றார் முனாப்பின் தாய். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

முனாப் நெற்றியைத் தொட்டார், பிறகு கையை அவள் பக்கமாக நீட்டினார். இல்லை. நீட்டிய கையைக் கவிழ்த்தார். புருவம் இன்னும் ஏறியது. வாசலிலிருந்து தாய் மறுபடியும் கூப்பிட்டார். வெளியே பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. திரும்பிப் பார்க்காமல், கவிழ்த்த கையின் விரல்களை அவர் ஒவ்வொன்றாக விரிக்கத் தொடங்கினார்.