கடிகாரம் மிச்சம்பிடித்த நேரம்

வெள்ளவத்தையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பிறிஜெற்றுக்கு எட்டு வருடமாகத் தாதி வேலை. கொச்சிக்கடையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் பிறகு கட்டிலுக்குக் கட்டில் ஓட்டம்தான். நாடி, காய்ச்சல், பிரஷர் என்று பார்த்து எழுதி முடிப்பதற்குள், மறுபடி முதல் கட்டிலுக்குப் போகும் நேரம் வந்துவிடும்.

போன மாதம் நோயாளிகளின் கையில் ஒரு பட்டியைக் கட்டி, தாதிமாருக்கு ஆளுக்கொரு கடிகாரம் கொடுத்தார்கள். யாருடைய நாடியோ மூச்சோ மாறினால் கடிகாரம் அதிரும். ஆளைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறார்களே என்று பிறிஜெற்றுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை.

அன்று பின்னேரம் அது அதிர்ந்தது. பத்மாவதியின் நாடி ஏறியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து தோள் முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருப்பவர். பிறிஜெற் பதறிக்கொண்டு போனாள். பத்மாவதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சீப்பு தரையில் கிடந்தது.

"என்னம்மா, நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதா?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. தலை இழுக்கப் பாத்தனான். ஒரு கையால ஏலாமல் கிடக்கு."

பிறிஜெற் பட்டி சொன்னதோடு விடாமல் தன் விரலாலும் நாடி பார்த்தாள். நோவு கூடியிருக்கிறதா என்று விசாரித்தாள். பயப்பட ஒன்றுமில்லை. பிறகுதான் பத்மாவதி விஷயத்தைச் சொன்னார். கனடாவிலிருக்கும் மகள் சாருஜா நேற்று வீடியோவில் அம்மாவின் சிக்குப் பிடித்த தலையைக் கண்டு அழுதுவிட்டாளாம். இன்று அவள் போன் எடுக்க முன்னர் தலையைச் சரிப்படுத்திவிட நினைத்தாராம்.

முன்பென்றால் பிறிஜெற் தலையணையைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடியிருப்பாள். இன்று மற்றவர்களின் நாடியெல்லாம் கடிகாரத்தில் ஒழுங்காக இருந்தது. சீப்பைக் கழுவிக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தாள். பத்மாவதி கண்களை மூடிக்கொண்டார். கடிகாரத்தில் அவருடைய நாடி இறங்கி வருவதைப் பார்க்கப் பிறிஜெற்றுக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு நோயாளியின் பக்கத்தில் ஆறுதலாக உட்கார்ந்து எவ்வளவு காலம்!

"ரெண்டாப் பின்னி விடட்டாம்மா? பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி."

"ஓம், பின்னும். ஆர் கேக்கப் போகினம்?"

போன் அடித்தபோது இரண்டு பின்னலும் தோளுக்கு முன்னால் கிடந்தன. சாருஜா சுகம் விசாரிக்கவே மறந்துபோய், அம்மாவுக்கு யார் ரெட்டைப் பின்னல் போட்டது என்று கேட்டுச் சிரித்தாள். பத்மாவதி போனைத் திருப்பி, பிறிஜெற்றைக் காட்டினார்.